ஒருவேளைச் சாப்பாட்டுக்கு இரண்டு பேர்

கைபேசியைப் பார்த்துப் புத்தி கெட்டவர்களை வரிசையில் நிறுத்தினால், தர்மபுரத்தில் முதல் ஆளாக நான்தான் நிற்பேன். ஒரு நாளைக்கு ஒருவேளை மட்டும் சாப்பிட்டால் நூறு வயதுவரை வாழலாம் என்று கோட்டுப் போட்ட ஒருவர் காணொளியில் சொன்னார். என் தொந்தியை நேரில் பார்த்துவிட்டுச் சொன்னதுபோல இருந்தது.

அடுத்த நாளே தொடங்கினேன். காலையில் வெறும் தேநீர், பகல் இரண்டு மணிக்குச் சோறு. பிறகு மறுநாள் இரண்டு மணிதான். பலன் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். தொந்தி இறங்கியது. வயல் வரம்பில் மூச்சு வாங்காமல் நடந்தேன். தேத்தண்ணிக் கடையில் வடை தின்றவர்களை மறித்து வகுப்பெடுத்தேன்.

"அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. திண்டு முடிச்சிட்டுத் திருந்திறம்," என்றான் ஒருவன்.

மனைவி காலையில் புட்டு அவிப்பதை நிறுத்தவில்லை. "இஞ்சாருங்கோ, ஒரு வாய்?" என்பாள். "சும்மா குழப்பாதையப்பா," என்பேன். புட்டு கோழிகளுக்குப் போகும். நான் இழந்த கொழுப்பெல்லாம் கோழிகளில் ஏறுகிறது என்று பகிடி விட்டேன். அவளும் சிரித்தாள்.

கலியாணம் கட்டிய நாள்முதல் நான் சாப்பிடும் முன் அவள் தன் சோற்றுக் கோப்பையில் கை வைத்ததில்லை. அவளுக்குச் சலரோகம். சீனியைக் குறைக்கக் காலையில் விழுங்கும் குளிசையையும் ஒருநாள் தவறவிட்டதில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு மூளை இருக்கவில்லை. இரண்டு மணிக்கு எனக்குப் பின்னால் தின்ற சோறுதான் அவளுக்கும் அன்றைய சாப்பாடு.

மூன்றாம் கிழமை ஒரு காலை, குசினியில் அடுப்படிச் சுவரோடு சரிந்து கிடந்தாள். உடம்பெல்லாம் வியர்வை, நடுக்கம். பேச்சுக் குழறியது. பக்கத்து வீட்டு அக்கா சீனி கரைத்த தண்ணீரோடு ஓடி வந்தார்.

"சலரோகக்காரிக்குச் சீனியோ? கொல்லப் போறியளோ?" என்று கத்தி அதைத் தட்டிவிட்டேன்.

ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது அவளுக்கு நினைவில்லை. கூட வந்த அக்கா நடந்ததைச் சொன்னார்.

"வெறும் வயித்தில குளிசை. ரத்தத்தில சீனி அடியோட இறங்கிப் போச்சு. அந்தத் தண்ணியைக் குடுத்திருக்கலாமே ஐயா," என்றார் வைத்தியர்.

உயிர் தங்கியது, ஆனால் சீனியில்லாமல் கிடந்த மூளை அடிபட்டுப்போயிற்று. வீட்டுக்கு வந்தவள் பழைய ஆள் இல்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எதற்கு என்று தெரியாமல் நிற்கிறாள். பேத்தியின் பெயரைத் தேடுகிறாள். கரண்டி கையில் நிற்பதில்லை. இப்போது மூன்று வேளையும் நானே சமைக்கிறேன். அவளுக்கு ஊட்டிய பிறகுதான் நான் சாப்பிடுவது.

போன கிழமை சோற்றைக் குழைத்துக் கொடுத்தபடி கேட்டேன்: "அவ்வளவு நாளும் பசியோட இருந்திருக்கிறாய். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லே?"

வாயிலிருந்ததை மெதுவாக விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் எப்ப கேட்டனீங்கள்?"