கால் வழுக்கியது என்று சொன்னவன்

செவ்வாய்க்கிழமை மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து, பாலாவிச் சந்தியில் இருக்கும் என் டயர்க் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். உடப்பிலிருந்து சிவலிங்கத்தின் மகள் தர்சினி போன் எடுத்தாள்.

"மாமா, அப்பா போயிட்டார்."

காலையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவன் நெஞ்சு நோகிறது என்று சொல்லியிருக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. லொறியிலிருந்து கழற்றிப் போட்டிருந்த டயர் ஒன்றின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பூட்டிய கதவைத் திறந்து முடிக்கவில்லை என்பது வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது.

'அவர்' என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் எனக்கு இரண்டே வயது மூத்தவன் அவன். கடைசி வரை ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டோம். அவனாகவே இருக்கட்டும்.

இதை வாசிக்கும் உங்களில் இளையவர்களுக்கு அவன் உடப்புக் கரையில் வலை பொத்துகிறவன். வயது கூடியவர்களுக்குச் 'சூறாவளி சிவா'. ஊர் ஊராகப் போகும் கானிவல் ஒன்றில் நாலு வருடம் நாங்கள் மல்யுத்தம் பிடித்தோம். மோட்டார் சைக்கிள் ஓட்டும் மரணக் கிணற்றுக்குப் பக்கத்தில் கயிறு கட்டிய ரிங். அநேகமாக அவன் கெட்டவன், ரபீக் என்ற நான் நல்லவன். யார் வெல்வது என்று காலையிலேயே முதலாளி சொல்லிவிடுவார். இதை இப்போது சொல்வதில் பாவமில்லை. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு அப்போதே தெரியும்.

தெரியாதது ஒன்று உண்டு. ஒருவன் இன்னொருவனைத் தலைக்கு மேலே தூக்குவது தனி ஆளின் வேலையல்ல. தூக்கப்படுகிறவன் சரியான நேரத்தில் குதித்து, உடம்பை இளக்கிக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் இறுகி நின்றால் 'கல்லாகிட்டான்' என்போம். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய துரோகம் கிடையாது. இரண்டு பேரில் ஒருவனுடைய கழுத்து முறியலாம்.

நான் சேர்ந்த புதிதில் எல்லாருக்கும் அரைக்காற்சட்டைதான். யுத்தத்தில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு அகதி முகாமில் கிடந்து என்னை வளர்த்த என் உம்மா, முழங்கால் தெரியக்கூடாது என்ற ஒரே நிபந்தனையில்தான் விட்டார். நான் நீளக் காற்சட்டையோடு போய் நின்றபோது மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த ஆட்டத்துக்குச் சிவலிங்கமும் நீளக் காற்சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வந்தான்.

"உனக்கென்னடா வந்தது?" என்று முதலாளி கேட்டார்.

"நுளம்பு கடிக்குது முதலாளி."

அவ்வளவுதான் சொன்னான். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இனிச் சொல்லப்போவதைத்தான் இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்தேன். பாலாவித் திடலில் நாங்கள் ஆடிய கடைசி ஆட்டத்தை உங்களில் சிலர் நேரில் பார்த்தீர்கள்.

அப்போது எனக்கும் சுபைதாவுக்கும் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு மூத்த சகோதரர்களான நானாமார் மூன்று பேரும் ஆட்டம் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பாலாவியில் பிறந்து வளர்ந்தவர்கள். அகதிப் பொடியனுக்கு எதற்குப் பெண் என்று மூத்தவர் கேட்டது என் காதுக்கு வந்திருந்தது. அன்று பார்த்து, சிவா வெல்லட்டும், ரபீக் தோற்கட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"இண்டைக்கு மட்டும் மாத்துவம் மச்சான்," என்று கேட்டேன்.

"முதலாளி விடமாட்டார். உன்னைப் பலசாலியாக் காட்டித்தான் தோக்கடிப்பன், பயப்பிடாத," என்றான்.

ஓம் என்று தலையாட்டினேன். ரிங்குக்குள் ஏறியதும் முன்வரிசையில் மூன்று நானாமாரும் கதிரைகளில் இருப்பதைக் கண்டேன். அந்தக் கணத்தில் எனக்குள் ஏதோ இறுகிவிட்டது.

கடைசித் தூக்கு வந்தது. என் இடுப்பில் கை வைத்து, "குதி," என்றான். நான் குதிக்கவில்லை. திரும்பவும் சொன்னான். நான் அசையவில்லை. கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. அவன் என் காதோடு வாய் வைத்து, "என்ன மச்சான், சுகமில்லையா?" என்று கேட்டான்.

நான் வேண்டுமென்று செய்வேன் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

பதிலுக்கு முழங்கையால் அவன் வாயில் குத்தினேன், உண்மையாகவே. உதடு கிழிந்தது. அப்போதுதான் விளங்கிக்கொண்டான். என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு என் எண்பது கிலோவையும் தனியாகவே தூக்கினான். தலைக்கு மேலே போனதும் அவனுடைய முதுகில் ஏதோ முறிவது போன்ற ஒரு சத்தம் எனக்குக் கேட்டது. கையை விட்டிருந்தால் நான் தலைகீழாகப் பலகையில் விழுந்திருப்பேன். அவன் விடவில்லை. என்னைப் பிடித்தபடியே மல்லாக்கச் சாய்ந்து, தன் நெஞ்சில் என்னைத் தாங்கிக்கொண்டு கீழே போனான். நான் மேலே கிடந்தேன். என்ன செய்வதென்று தெரியாத ரெபரி, கீழே கிடந்தவன் தோற்றதாக மூன்று எண்ணிவிட்டார்.

நான் வென்றேன். மூத்த நானா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திடலைச் சுற்றினார். திரும்பி வந்தபோது சிவலிங்கம் திரைக்குப் பின்னால் ஒரு பலகையில் அசைய முடியாமல் கிடந்தான்.

"என்ன நடந்தது?" என்று முதலாளி கத்தினார்.

"கால் வழுக்கிட்டு முதலாளி," என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

அதற்குப் பிறகு அவன் ரிங் ஏறவில்லை. கடலுக்கும் போக முடியவில்லை. இருந்தபடி செய்யக்கூடியது வலை பொத்துவதுதான். நானும் அந்த மாதத்தோடு விலகிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு பை தோடம்பழத்தோடு உடப்புக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். "கலியாணம் எப்ப?" என்றுதான் முதலில் கேட்டான். இடுப்புப் பட்டி கட்டிக்கொண்டு என் கலியாணத்துக்கு வந்து, மூத்த நானாவுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டான். ரபீக்கின் பலத்தைப் பற்றி நானா அவனுக்கே விளக்கிச் சொன்னார். "ஓம், ஓம், பொல்லாத பலம்," என்றான் அவன்.

தர்சினிக்கு நாலு வயதாக இருந்தபோது அம்மன் கோயில் தேருக்கு என்னைக் கூப்பிட்டான். சனத்துக்குள் நின்ற பிள்ளை, ஒன்றும் தெரியவில்லை என்று அவன் சாரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"பிள்ளையைத் தூக்கு மச்சான்," என்றான்.

தோளில் ஏற்றிக்கொண்டேன். தேரைக் கண்டு அவள் கை தட்டினாள். சிவலிங்கம் தேரைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நிண்டபடி இவளை நான் ஒரு நாளும் தூக்கினதில்ல," என்றான் மெதுவாக. "உன்னில கோவம் எண்டால் அது ஒண்டுக்குத்தான். வேற ஒண்டும் இல்ல."

அன்றைக்குத்தான் கேட்டேன். "ஏன் மச்சான் என்னைக் கீழ போடேல்ல?"

"தூக்கினது நான்தானே. இறக்கி விடுறதும் என்ட வேலைதானே," என்றான். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் கதைக்கவே இல்லை.

அவன் போய் எட்டாம் நாள் சடங்குக்கு உடப்புக்குப் போயிருந்தேன். சனம் கலைந்த பிறகு தர்சினியைக் கூப்பிட்டு இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது முன்பள்ளியில் படிப்பிக்கிற பிள்ளை. முழுக்கக் கேட்டாள்.

"வழுக்கினதெண்டுதான் எங்களுக்கும் சொன்னவர்," என்றாள் கடைசியில். எழும்பி உள்ளே போனாள். இனி வரமாட்டாள் என்று நினைத்துச் செருப்பைத் தேடினேன். முகம் கழுவிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"எனக்குக் கோவமா இருக்கு மாமா. எவ்வளவு நாளைக்கு இருக்குமெண்டு தெரியாது. ஆனா முப்பத்தோராம் நாளுக்கு வராம விட்டிடாதீங்க. அம்மா பாத்துக்கொண்டிருப்பா."

சிவலிங்கத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது பாலாவித் திடலில் நான் பெற்ற அந்த வெற்றிதான். சுபைதாவின் நானாமார் பெருநாளுக்குப் பெருநாள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். என் பிள்ளைகளும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தார்கள். தந்தவன் ஒரு நாளும் திருப்பிக் கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாளுக்குச் சுபைதாவும் என்னோடு வருகிறாள். பஸ் உடப்பில் நிற்பதற்கு முன், அந்த வெற்றி எப்படி வந்தது என்று அவளிடம் சொல்லிவிட வேண்டும்.