வெந்நீர் அடுப்பில் போட்ட வயர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று மைசூரில் பழைய கம்ப்யூட்டரும் டிவியும் பிரிக்கிற என் கொட்டகைக்கு, என்ஜினியரிங் பிள்ளைகள் வந்து நின்று பாடம் கேட்டுப் போகிறார்கள். வயரை உரிக்க மிஷின், ஆட்களுக்கு முகமூடி, கையுறை எல்லாம் உண்டு. தீப்பெட்டிக்கு மட்டும் உள்ளே இடமில்லை. ஏன் என்று கேட்டால் சட்டம் என்பேன். உண்மையில் காரணம் என் தங்கச்சி.

கொள்ளேகால் பக்கமிருந்து மைசூருக்கு வந்து, பழைய சாமான் வாங்கும் குஜரி வியாபாரத்தில் அப்பா இறங்கியிருந்த காலம். உடைந்த ரேடியோ, அறுந்த வயர் எல்லாவற்றையும் வாசலில் போட்டு எரித்துச் செம்பை எடுப்பார். தங்கச்சி பிறந்து இருபது நாள். அம்மாவுக்கும் அவளுக்கும் வெந்நீர் போடுவது என் பொறுப்பு. அண்டா குளியலறைக்கு உள்ளே, அடுப்பின் வாய் வெளியே.

அன்று மழையில் தேங்காய் மட்டையெல்லாம் நனைந்து கிடந்தது. எனக்குத்தான் மூளை அப்போதே கொஞ்சம் அதிகமாயிற்றே! ஒரே நெருப்பில் வெந்நீரும் ஆச்சு, செம்பும் ஆச்சு என்று அப்பாவின் வயர் மூட்டையை அடுப்பில் திணித்தேன். குபுகுபுவென்று பிடித்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

உள்ளே அத்தை, அப்பாவின் தங்கை, சாரலுக்குக் கதவைச் சாத்திவிட்டு, காலை நீட்டிக் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அண்டாவின் இடுக்கு வழியாகக் கரும்புகை இறங்கியிருக்கிறது. கதவு படாரென்று திறந்தது.

"அண்ணா! கொழந்த மூச்சு விடலீங்ண்ணா!"

அப்பா பாய்ந்து வந்து வாங்கினார். உதடு நீலம் பாரித்திருந்தது. கையில் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினார். அவள் அழுதால் வாயை அடக்கப் படாதபாடு படுகிற நாங்கள், ஒரு அழுகைக்காகக் காத்து நின்றோம்.

வீல் என்றாள்.

அத்தை சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அழுவு சாமி, நல்லா அழுவு! மைசூரே கேக்கட்டும்!"

அப்பா என் பக்கம் திரும்பினார். "எதைடா போட்ட?"

"வயருங்ப்பா. நீங்க தெனமும் எரிக்கறதுதானுங்களே?"

அடிக்கு முதுகைத் தயார் பண்ணினேன். அடி விழவில்லை. அவர் வாசலில் கிடந்த சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து மூட்டையை ஏரிக்கரைக்குத் தூக்கிப் போய் எரித்தார். திரும்பி வந்து தலைக்குக் குளிக்காமல் குழந்தையைத் தொடமாட்டார். அந்தக் குழந்தை இன்று ஒரு பள்ளிக்கூடத்தையே மிரட்டும் தலைமை ஆசிரியை. போனில் என்னைத் திட்டினால் அரைமுழம் தள்ளி வைத்துத்தான் கேட்கவேண்டும்.

அன்று நானோ, வீட்டை விட்டுப் புகை போயிற்று, கதை முடிந்தது என்று நிம்மதியாக விளையாடப் போனேன். சாயங்காலம் அப்பா இருமிக்கொண்டே வருவார். ஏரிக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே முடிவுகட்டி, ஒரு சொம்பு வெந்நீர் கொண்டுபோய்க் கொடுப்பேன்.