நாய்க் கமிட்டிச் செயலாளரும் ஆபீஸ் அலுமாரியும்

1. முதல் நாள்

தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் நான் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னை ஒரு நாய் கடித்தது. ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. தலவாக்கலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, புதுச் சப்பாத்தும் இஸ்திரி போட்ட காற்சட்டையுமாகத் தோட்டத்துப் பாதையில் கம்பீரமாக நடந்து வந்தேன். கம்பீரம் என்பது என் அபிப்பிராயம். நாயின் அபிப்பிராயம் வேறாக இருந்தது.

தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்து வந்த கறுப்பு நாய் அது. ஒரு குரைப்புக்கூட இல்லாமல் வந்து கெண்டைக்காலைக் கவ்வியது. கடி பெரிதில்லை. காற்சட்டைதான் முழங்கால் வரைக்கும் கிழிந்தது. அந்த நேரம் பார்த்துப் பகலில் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்துவிட்டார்கள்.

“ஏ பூச்சி, விடுடா! அய்யா நம்ம ஆபீசுக்கு வந்தவரு!” என்று கத்திக்கொண்டு ஒருத்தி ஓடி வந்தாள். அவள் பெயர் பாக்கியம். புருஷன் செத்துப்போய், பிள்ளையும் இல்லாமல், அந்தக் கடைசிக் காம்பராவில் பூச்சியோடு தனியாக இருந்தவள். பூச்சியைப் பிடித்து இழுத்துக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் பெரிய மனது பண்ணி, “பரவாயில்ல, பரவாயில்ல” என்றேன். மனதுக்குள் அப்படித் தோன்றவில்லை. அன்று முதல் லயத்தில் எனக்குப் ‘பூச்சி கடிச்ச கிளாக்கர்’ என்று பெயர்.

2. நான் செயலாளர் ஆன கதை

அடுத்த வருஷம் பக்கத்துத் தோட்டத்தில் விசர் பிடித்த வெறிநாய் ஒன்று இரண்டு பேரைக் கடித்துவிட்டது. எங்கள் தோட்டத்து நிர்வாகியான துரைக்குப் பயம் வந்தது. அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் இருந்தது. ஆனால் அவர் கண்டுபிடித்த வழி, சனிக்கிழமை காலையில் லயங்களைச் சுற்றி வந்து நாய்களையெல்லாம் சுட்டுவிடுவது. அந்த நோட்டீஸை டைப் அடித்தவன் நான்தான். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன் என்று அன்றைக்குப் பெருமைப்பட்டதும் நான்தான்.

தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டர் அப்படிப்பட்டவர் அல்ல. அன்று சாயங்காலமே பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார். “நாய் வாயில்லா ஜீவன். அதுக்காக நாம வாயத் தொறக்கணும்” என்று பேசினார். நாய்களைக் காப்பாற்ற ஒரு கமிட்டி வேண்டும் என்றார்கள். செயலாளருக்கு இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். நான் தேநீர் குடிக்கப் பின்வரிசையில் ஒதுங்கியிருந்தவன். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நாயைக் கண்டால் பாதையின் மறுபக்கம் போகிறவன், நாய்ப் பாதுகாப்புக் கமிட்டியின் செயலாளர் ஆனேன். கைதட்டியபோது மறுக்க மனம் வரவில்லை. எனக்கு யாரும் அதுவரை கைதட்டியதில்லை.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது துரை ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் இடத்துக்கு, எல்லாரும் தங்கள் நாய்களைக் கயிற்றில் கட்டிக் கூட்டி வந்தார்கள். இது மாஸ்டரின் யோசனை. ஒவ்வொரு நாயின் கழுத்திலும் ‘நானும் இந்தத் தோட்டத்துக் காவல்’ என்று ஒரு அட்டை. அட்டைகளை எழுதியவன் அடியேன். கையெழுத்து அழகாக இருந்தது. பாதி அட்டைகளைப் பக்கத்து நாய் தின்றுவிட்டது.

துரை ஜீப்பில் வந்து இறங்கினார். பின்சீட்டில் இருந்த அவருடைய உயர்சாதி நாய் எங்கள் கூட்டத்தைக் கண்டதும் ஊளையிட்டு, கதவு வழியாகத் தாவி, எங்கள் கூட்டத்தோடேயே சேர்ந்துவிட்டது.

“என்னா இது? நாய்க்கும் பெரட்டா?” என்று துரை கத்தினார்.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். தன் நாயைத் தேடிப் பிடிப்பதற்குள் துரைக்கும் கோபம் பாதி இறங்கிவிட்டது. என்னைப் பார்த்து இங்கிலீஷில் நிபந்தனை சொன்னார். வியாழன் சாயங்காலத்துக்குள் நாய்களின் பட்டியல் வேண்டும். பட்டியலில் உள்ள நாய்க்குக் கழுத்துப் பட்டியும் நம்பர்த் தகடும் வேண்டும். இரண்டும் இல்லாத நாய் சனிக்கிழமை உயிரோடு இருக்காது.

3. இரட்டைச் சிவப்புக் கோடு

வியாழக்கிழமை லயம் லயமாகப் போய் எழுதினேன். எனக்குத் தெரிந்த பட்டியல் ஒன்றுதான், சம்பளத்துக்கு ஆட்களின் பெயர் எழுதும் செக்ரோல். கை தானாக அதே முறையில் கட்டம் போட்டது. நம்பர், பெயர், தகப்பன் பெயர், லயம். நாற்பத்தொரு நாய்களுக்கும் தகப்பன் பெயர்க் கட்டத்தில் ‘தெரியாது’ என்று பொறுமையாக எழுதினேன். ஒரு நாய்க்குப் பெயரே ‘தொர’. துரை கையெழுத்துப் போடப் போகிற தாள் என்பதால் அதை அங்கேயே ‘டைகர்’ என்று மாற்றினேன். அது அதற்குப் பிறகும் டைகர் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்ததில்லை.

பேனாவை மூடிப் புறப்படும்போது பாக்கியம் வந்து நின்றாள். காலடியில் பூச்சி. என்னை அடையாளம் கண்டு உறுமியது.

“அய்யா, பூச்சியையும் போட்டுக்கிருங்க. வெள்ளன கொழுந்தெடுக்க மலைக்குப் போறப்ப அதுதாங்க எனக்குத் தொண. பன்னி வந்தாக்கூட அது முன்னுக்கு நிக்கும்.”

எனக்குக் கிழிந்த காற்சட்டை ஞாபகத்துக்கு வந்தது. பெண்களின் சிரிப்பும் வந்தது. கையில் இருந்த பேனாவைத் தாளின் மேல் இப்படியும் அப்படியும் ஓட்டினேன். “எழுதியாச்சு, போ” என்றேன். எழுதவில்லை. ஒரு நாய்தானே, அதுவும் கடிக்கிற நாய் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். வெட்கக்கேடு. வேறு வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை.

ஆபீஸுக்கு வந்து, செக்ரோல் வழக்கப்படி கடைசிப் பெயருக்குக் கீழே இரட்டைச் சிவப்புக் கோடு போட்டேன். அந்தக் கோடு விழுந்து துரை கையெழுத்தும் போட்டுவிட்டால், அதற்குப் பிறகு ஒரு பெயரைப் புகுத்த யாருக்கும் அதிகாரம் இல்லை. துரை கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை தொழிற்சாலையில் கழித்துப்போட்ட மெஷின் வார்களை வெட்டிக் கழுத்துப் பட்டி செய்தோம். பஜாரில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா பிஸ்கட் டின் கொடுத்தார். அதை வெட்டி நாற்பத்தொரு தகடு. ஒன்றுகூட மிச்சமில்லை.

4. சனிக்கிழமை

காலையில் மேல் லயப் பக்கம் முதல் வெடிச் சத்தம் கேட்டது. யாருக்கும் சொந்தமில்லாத காட்டு நாய்தான் என்று பிறகு தெரிந்தது. அந்த நேரம் பாக்கியம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றாள். தலையில் கொழுந்துக் கூடை. முகம் வெளிறியிருந்தது.

“அய்யா, எல்லாருக்கும் தகரம் வந்திருச்சு. பூச்சிக்கு வரலீங்களே. தொரையும் வாச்சரும் நம்ம லயத்துப் பக்கந்தான் வாறாங்க.”

பட்டியல் ஏட்டைத் திறந்தேன். என் இரட்டைச் சிவப்புக் கோடு என்னைப் பார்த்தது. தகடு இல்லை, பட்டியும் இல்லை. மேசையில் அலுமாரிச் சாவி கிடந்தது. அதில் ஒரு பித்தளைத் தகடு தொங்கியது. சாவியைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தகட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஆபீஸ் கிளாக்கர் ஒருவர் லயத்தை நோக்கி ஓடுவதைத் தோட்டம் அதற்கு முன் கண்டதில்லை. ஓடிக்கொண்டே இடுப்பு பெல்ட்டை உருவினேன். தகட்டை அதில் கோத்தேன். காம்பரா வாசலில் பூச்சி படுத்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்து அதன் கழுத்தில் பெல்ட்டை மாட்டினேன். அதுவும் தன் பங்குக்கு என் கையைக் கடித்தது. இந்த முறை நல்ல கடி.

துரை, காவல்காரரான வாச்சர், கூடவே விசர்நாய் இருக்கிறதா என்று பார்க்க வந்த தோட்டத்து ஆஸ்பத்திரி டாக்டர் ஐயா ஆக மூன்று பேரும் வந்து பார்த்தபோது நான் ஒரு கையில் ரத்தமும் மறு கையில் காற்சட்டையுமாக நின்றுகொண்டிருந்தேன். துரை குனிந்து தகட்டைப் படித்தார். அதில் ‘ஆபீஸ் அலுமாரி’ என்று பொறித்திருந்தது.

“கிளாக்கர், நம்ம அலுமாரிக்கு வால் இருக்குதா?” என்றார்.

பிறகு தன் கையில் இருந்த பட்டியலின் நகலைப் பார்த்தார். பூச்சி இல்லை. சிரிப்பு போய்விட்டது. பெல்ட்டைக் கழற்றச் சொல்லி வாச்சருக்குக் கை காட்டினார். துரையின் துப்பாக்கி உயர்ந்தது. பின்னாலேயே ஓடி வந்த பாக்கியம் கூடையை இறக்கி வைத்துவிட்டு நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

அப்போது டாக்டர் ஐயா என் கையைப் பிடித்துப் பார்த்தார். “சுடக் கூடாதுங்க தொர. கடிச்ச நாய பத்து நாளு கட்டி வச்சுப் பாக்கணும். நாய் உசுரோட இருந்தா கிளாக்கருக்குப் பயமில்ல. செத்துப்போச்சுன்னா இவருக்குத் தொப்புளச் சுத்தி ஊசி போடணும்.”

துரை என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். தோட்டத்துக்குக் கிளாக்கர் தேவைப்பட்டதோ என்னவோ, துப்பாக்கி இறங்கியது.

5. பத்து நாள்

பூச்சியை ஆபீஸுக்குப் பின்னால் கட்டினார்கள். சாப்பாடு என் பொறுப்பு. நாய் செத்தால் எனக்கு ஊசி, போட்டாலும் பிழைப்பேனோ என்னவோ. ஆகவே விடிந்ததும் கோயிலுக்குப் போகாமல் பூச்சியைப் பார்க்கப் போவேன். பாண் ரொட்டியும் பாலும் வைப்பேன். அது வாலை ஆட்டினால் அன்றைக்கு எனக்கும் பசிக்கும். ஐந்தாம் நாள் அது சாப்பிடாமல் படுத்திருந்தது. நான் டாக்டர் ஐயாவிடம் ஓடினேன். அவர் வந்து பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்ல. நீங்க அளவுக்கு மீறிப் போட்டுட்டீங்க” என்றார். என் உயிரை இவ்வளவு அக்கறையாக நான் அதற்கு முன் கவனித்ததில்லை. அது ஒரு நாயின் உடம்புக்குள் இருந்தது.

பத்தாம் நாள் காலையில் பூச்சி எழுந்து நின்று என்னைப் பார்த்துக் குரைத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏட்டை எடுத்துக்கொண்டு துரையிடம் போய், பெயரை விட்டது என் தவறு என்று மட்டும் சொன்னேன். ஏன் விட்டேன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. அவர் சிவப்புக் கோட்டுக்குக் கீழே நாற்பத்திரண்டு என்று எழுதச் சொல்லி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். தகப்பன் பெயர்க் கட்டத்தில் இந்த முறை ‘தெரியாது’ என்று எழுத மனம் வராமல் காலியாக விட்டேன்.

சாயங்காலம் நாயை அவிழ்க்கப் பாக்கியம் வந்தாள். அவளிடமாவது உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தொண்டையைச் செருமினேன். “பாக்கியம், அன்னைக்கு நான்...”

“தெரியுங்க அய்யா. நீங்க எழுதலேன்னு அன்னைக்கே தெரியும். பேனா மூடிய நீங்க தொறக்கவே இல்லீங்களே.”

“அப்ப ஏன் கேக்கல?”

அவள் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள். “கேட்டுக் கோவம் வந்து, நாளைக்குச் சம்பள ஏட்டுல என் பேரையும் விட்டுட்டீங்கன்னா நான் என்னங்க செய்வேன்?”

பூச்சியோடு அவள் இறங்கிப் போனாள். என் பெல்ட்டும் பூச்சியின் கழுத்தோடேயே போயிற்று.

ஆபீஸில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தால் கணக்குப் பிறகு, முதலில் இதைத்தான் சொல்வேன். எதிரே நிற்கிறவருக்கு எழுத்துத் தெரியாமல் இருக்கலாம், நம்மைப் படிக்கத் தெரியும். பேனா மூடியைத் திறந்து, அவர் பார்க்க எழுதி, எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டு. நான் ஓய்வு பெறும் நாள் வரைக்கும் அப்படித்தான் செய்தேன். நாய்க்குத்தான் கடைசி வரை பயந்தேன்.