ரகசியக் குரலில் ஏழாம் வாய்ப்பாடு

போன வாரம் ராமநாதபுரத்து மருந்துக்கடையில் ஒரு பெண் ஓமவாட்டர் வாங்கி, அங்கேயே மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். அந்த வாசனைக்கு எல்லோருக்கும் குழந்தைகள் நினைவு வரும். எனக்கு ஆசிரியர் பயிற்சி நினைவு வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் ஜெசிந்தா.

எங்கள் பயிற்சி நிறுவனத்தில் கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்து படித்தவள் அவள் ஒருத்திதான். தங்கச்சிமடத்திலிருந்து தினமும் பாலம் தாண்டி பஸ்ஸில் வருவாள். சேலைத் தோளில் எப்போதும் ஓமவாட்டர் மணம். நான் முதுகுளத்தூர்ப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண், விடுதியில் தங்கியிருந்தேன். நகராட்சிப் பள்ளியில் பாடம் நடத்திப் பழக எங்கள் இருவரையும் ஜோடியாக அனுப்பினார்கள். என் குரல் இரண்டாம் பெஞ்சைத் தாண்டாது. ஆனால் சார்ட் ஒட்ட மைதாப் பசை காய்ச்சுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

இறுதித் தேர்வு, தேர்வாளர் முன்னால் பாடம் நடத்துவது. எனக்கு முந்தின நாளே முடிந்திருந்தது. அவள் முறை வந்தபோது குழந்தையோடு வந்து நின்றாள்.

"மாமியாருக்குக் காய்ச்சல்டி. அவரு கடலுக்குப் போயிட்டாரு. இந்தத் தடவ போச்சுன்னா வீட்டுல மறுபடி அனுப்ப மாட்டாக. செத்த நேரம் வச்சுக்க" என்று குழந்தை மெர்சியை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள்.

நான் அதுவரை தூக்கியதெல்லாம் ஆட்டுக்குட்டிதான். அப்படியேதான் தூக்கினேன் போலிருக்கிறது. வராந்தாவில் குழந்தை வீறிட்டதில் நாலாம் வகுப்பு மொத்தமும் சன்னல் பக்கம் திரும்பியது. ஏழாம் வாய்ப்பாடு பாதியில் நின்றது. கறாரானவர் என்று பெயரெடுத்த தேர்வாளர் பேனாவை மூடினார்.

ஜெசிந்தா அவரிடம் அனுமதியெல்லாம் கேட்கவில்லை. "இங்கன கொண்டு வாடி" என்றாள்.

அவள் வாங்கித் தோளில் போட்டதும் அழுகை விசும்பலாயிற்று. தட்டிக்கொடுத்தபடியே பிள்ளைகளிடம் தணிந்த குரலில் கேட்டாள்: "பாப்பா தூங்கப் போகுது. அது முழிக்காம வாய்ப்பாடு சொல்லணும். சொல்லுவீகளா?"

வகுப்பே ரகசியம் பேசுவதுபோலச் சொல்லத் தொடங்கியது. வழக்கமாகத் தெருமுனை வரை கேட்கும் வாய்ப்பாடு அது. அன்று இழுத்துப் பாட ராகம் இல்லாததால், ஒவ்வொரு பிள்ளையும் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. தேர்வாளர் எழுந்து வந்தார். முதல் பெஞ்சுச் சிறுமியிடம் குனிந்து, அவரும் அதே குரலில், "ஏழெட்டு?" என்றார்.

"அம்பத்தாறு சார்" என்று அவர் காதோடு சொன்னாள் அவள்.

ஜெசிந்தா தேறினாள். பிறகு தகுதித் தேர்விலும் தேறினாள். வேலைதான் வரவில்லை. எனக்கு வந்தது. அவளைவிட நான் உசத்தி என்றால் அது மைதாப் பசை காய்ச்சுவதில் மட்டும்தான். அவள் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறாள்.

போன வாரம் மருந்துக்கடையிலிருந்து திரும்பும்போது பஸ் எங்கள் பயிற்சி நிறுவனத்தைத் தாண்டிப் போனது. சேர ஆளில்லை என்று மூடி வருஷங்களாகின்றன. அவளுக்கு போன் செய்து சொன்னேன்.

"போர்டாவது இருக்கா?"

"அதையும் கழட்டிட்டாகடி."

"சரி, பிள்ளைக வந்திருச்சு, வைக்கிறேன்" என்றாள்.