ரவிக்கை போட்ட ரேஸ் சீட்

என் அரக்கு நிற ரவிக்கையை ஒரு கார் சீட் போட்டுக்கொண்டிருந்ததை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். சைதாப்பேட்டையில், பாலத்துக்குப் போகும் வழியில் ஒரு தகர ஷெட். உள்ளே மரப் பெஞ்சின் மேல் கறுப்பு நிறத்தில், தலை தோளெல்லாம் வைத்துச் செய்த ரேஸ் சீட் ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதன் தோளில் என் ரவிக்கை. மேல் கொக்கியைக்கூட யாரோ சிரத்தையாகப் போட்டுவிட்டிருந்தார்கள். சுற்றி நாலு ஆம்பிளைகள். ஷெட்காரர் கையில் இன்ச் டேப். அவர் பக்கத்தில் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, குனிந்து உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் கணவர்.

பூமி பிளந்து என்னை அப்படியே விழுங்கக் கூடாதா என்றிருந்தது. மெட்ரோவுக்காக வேண்டுமானால் இந்த ஊரில் பூமி பிளக்கும், என்னைப் போன்றவர்களுக்காகவெல்லாம் பிளக்காது.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். என் கணவர் ஆடிட் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் கேட்டு வாங்கத் தெரியாது. ரசத்தில் உப்பு இல்லையென்றால் உப்பில்லாமலே சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். காலேஜ் நாளில் மட்டம் போட்டுவிட்டுச் சோழவரத்துக்குப் போய் கார் ரேஸ் பார்த்ததுதான் அவர் வாழ்க்கையில் செய்த ஒரே அக்கிரமம். அப்படிப்பட்ட மனிதர் போன வருஷம் அடையாறில் யாரிடமிருந்தோ ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு வந்து, மயிலாப்பூரில் எங்கள் ஃப்ளாட் வாசலில் நிறுத்தினார். சிவப்பு நிறம். இரண்டே பேர்தான் உட்காரலாம். தரையோடு தரையாக இருக்கிற அந்த வண்டிக்குள் யாரும் ஏற முடியாது, இறங்கத்தான் வேண்டும்.

"பாலவாக்கம் தாண்டி, சமுத்திரத்தை ஒட்டி ஒரு தடவை போயிட்டு வரலாம். நீயும் வாயேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒன்றுதான். அப்போது வாசலில் மாடி வீட்டு மாமியும் இன்னும் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். கேட்கிறவர்கள் இருந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்த வாய். இந்த வயதில் ஆம்பிளைகளுக்கு ஏதாவது கிறுக்குப் பிடிக்கும், நல்ல வேளை இவருக்கு காரோடு போயிற்று என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவரை வைத்து நாலு பேரைச் சிரிக்க வைப்பது எனக்கு வெகுநாள் வழக்கம். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பழைய சீட்டுகள் கிழிந்து, பிதுங்கி, உட்கார்ந்தால் ஆளை ஒரு பக்கமாகத் தள்ளின. வளைவில் திரும்பினால் சறுக்குகிறது என்றார். இரண்டையும் எடுத்துவிட்டு ரேஸ் சீட் போடப் போவதாகச் சொன்னார். அது நம் வீட்டு நாற்காலி மாதிரி இல்லை. சாய்க்க முடியாது, மடக்க முடியாது. முதுகும் விலாவும் வந்து உட்காரும்படி ஒரே வார்ப்பாக ஓர் ஓடு. அதற்குள்ளே வைக்கும் ஃபோமை, உட்காரப் போகிற ஆளின் உடம்புக்கு ஏற்ப வெட்டி ஒட்டுவார்கள். ஒருவருக்குச் செய்ததில் இன்னொருவர் உட்கார்ந்தால் தொளதொளவென்று இருக்கும், இல்லாவிட்டால் நுழையவே நுழையாது.

அவர் அளவை ஷெட்டிலேயே எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து சீட்டுக்கு அளவு வேண்டும், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று ஷெட்காரர் சொல்லியிருக்கிறார். என்னைக் கூப்பிட்டால் நான் என்ன பேசுவேன் என்று இவருக்குத் தெரியும். அதனால் தனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்தார்.

எங்கள் வீட்டில் அளவு என்றால் அளவு ரவிக்கைதான். தெப்பக்குளத்துக்குப் பின்னால் சந்தில் இருக்கும் டெய்லர் என்னை நேரில் பார்த்து வருஷக்கணக்காகிறது. புதுத் துணியையும் அந்த அரக்கு ரவிக்கையையும் மஞ்சள் பையில் போட்டு இவரிடம் கொடுப்பேன். "அளவு ரவிக்கையை விட ஒரு விரல் லூசா தைக்கச் சொல்லுங்கோ" என்பேன். சரி என்று போவார். தைத்து வருவது கச்சிதமாக இருக்கும். அந்த அரக்கு ரவிக்கை என் பையன் பள்ளிக்கூடம் போன காலத்தில் தைத்தது. இத்தனை வருஷமாக அதே அளவு, ஒரே ஒரு விரல்தான் கூட என்று தங்கையிடமும் ஓர்ப்படிகளிடமும் நான் அளக்காத அளப்பில்லை.

தங்கை பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பட்டுப்புடவைக்கு ரவிக்கைத் துணி கொடுத்தனுப்பியிருந்தேன். டெய்லர் போன் செய்தார். துணி வந்துவிட்டது, அளவு ஜாக்கெட்தான் வரவில்லை என்றார். சார் சைதாப்பேட்டை வரை போய்விட்டு அதை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொன்னாராம். என் ரவிக்கைக்கு சைதாப்பேட்டையில் என்ன வேலை? இவர் காரை வேலைக்கு விட்டிருந்த ஷெட் அங்கேதான் என்று தெரியும், ஆட்டோ பிடித்துக்கொண்டு போனேன். அப்புறம் பார்த்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

ஷெட்காரருக்கு என் முகத்தில் இருந்த கோபம் புரியவில்லை. நல்ல மனுஷன். கரெக்ட் டைமுக்குத்தான் வந்திருக்கிறேன் என்று சந்தோஷப்பட்டார்.

"உங்க சீட்டுதாம்மா ரெடியாயிக்கினு கீது. ஒரு தபா ஒக்காந்து பாத்துடுங்க" என்றார்.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி பேசுகிற குரலில் நிதானமாகப் பேசினேன். "ஏன்னா, நாலு ஆம்பிளைகளுக்கு நடுவுல கொண்டுவந்து விரிக்கறதுக்கு உங்களுக்கு வேற வஸ்து அகப்படலையா? இந்த சீட்ல நான் ஜென்மத்துக்கும் ஒக்கார மாட்டேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இந்த மனிதருக்கு ஒரு காரியம் உருப்படியாகச் செய்ய வராது, நான் கூட நிற்காவிட்டால் நடுத்தெருவில் நிற்பார் என்று ஷெட்டில் இருந்த அத்தனை பேருக்கும் எடுத்துச் சொன்னேன். ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான்.

அவர் சீட்டிடம் போய்க் கொக்கியைக் கழற்றினார். கொடியிலிருந்து எடுக்கும் துணிகளை மடிப்பதுபோல ரவிக்கையை மடித்து மஞ்சள் பையில் வைத்து என்னிடம் நீட்டினார். பிறகு ஷெட்காரரிடம், தன் சீட்டை மட்டும் மாட்டினால் போதும் என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன்.

அதே ஆட்டோவில் நேரே டெய்லரிடம் போனேன். வழக்கம்போல ஒரு விரல் லூசாகத் தைக்கச் சொன்னேன். டெய்லர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு விரல்தானே அம்மா என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்றேன், கொஞ்சம் எரிச்சலாகவே.

கார் சாயங்காலம் வீட்டுக்கு வந்தது. ஓட்டுகிற இடத்தில் கறுப்பு சீட் கம்பீரமாக இருந்தது. பக்கத்தில் ஒன்றும் இல்லை. வெறும் தகரத் தரை, போல்ட் போடும் ஓட்டைகள், துண்டாக நின்ற ஒரு ஒயர். அந்த ஒயரைப் பிடுங்கியதால் டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. அங்கே ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று வண்டிக்குத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததற்கு வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டேன்.

அதற்கப்புறம்தான் உண்மையான மானக்கேடு. வண்டியைப் பார்த்தவர்களெல்லாம் மாமிக்கு சீட் இல்லையா என்று கேட்டார்கள். ரவிக்கை விஷயம் ஷெட்டோடு போயிற்று. இது மயிலாப்பூர் முழுக்கத் தெரிந்தது. புது சீட்டுக்குப் பூஜை போட வேண்டும் என்று பிள்ளையார் கோவில் வாசலில் நிறுத்தினார். நானும் போய் நின்றேன். குருக்கள் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் சந்தனம் குங்குமம் இட்டார். அந்தப் பக்கம் சீட்டுக்கும் இடலாம் என்று பழக்கத்தில் கையை நீட்டியவர், இடமில்லாமல் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு வெறும் தகரத்திலேயே ஒரு பொட்டு வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

இவர் அந்த இடத்தில் அரிசி மூட்டை வைத்துக்கொண்டு வந்தார். ஒரு நாள் முருங்கைக்காய்க் கட்டு, ஒரு நாள் வாட்டர் கேன். பால்கனியிலிருந்து பார்ப்பேன். திருப்பத்தில் மூட்டை சாயாமலிருக்க ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவார். என்னால் பார்க்க முடியவில்லை. பாலவாக்கம் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை.

ரவிக்கை தைத்து வந்தது. போட்டுப் பார்த்தேன். ஒரு கொக்கிகூட எட்டவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்தேன், பக்கவாட்டில் தையல் சத்தம் போட்டதுதான் மிச்சம். டெய்லர் கடைக்குப் போய், அவருக்கு வயதாகிவிட்டது, கை தவறுகிறது என்று இரண்டு வாடிக்கைக்காரர்கள் எதிரிலேயே சொன்னேன். அவர் மெஷினை நிறுத்தினார். நீங்கள் சொன்னபடிதான் தைத்தேன், சாரிடம் கொடுத்தனுப்புங்கள், பிரித்துவிட்டுத் தருகிறேன் என்று மட்டும் சொன்னார். சாரிடம் எதற்கு என்று கேட்க அப்போது தோன்றவில்லை.

கல்யாணத்துக்கு அவர் அந்தக் காரிலும் நான் கால் டாக்ஸியிலும் போய் இறங்கினால் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, இவருக்குத் தெரியாமல் சைதாப்பேட்டைக்குப் போனேன். சொந்தக்காரர்கள் ஒரு சாக்கு. அரிசி மூட்டை உட்காரும் இடத்தில் நான் உட்கார வேண்டும் என்றிருந்தது.

சீட் இன்னும் அங்கேதான் இருந்தது. பிளாஸ்டிக் உறை போட்டு மூலையில் வைத்திருந்தார்கள். ஷெட்காரர் முன்பு பார்த்த மாதிரியே மரியாதையாகப் பேசினார். அது என்னை இன்னும் குறுக வைத்தது. அந்த ரவிக்கை அளவுக்குச் செய்திருந்தால் நான் அதில் நுழைய மாட்டேன், கொஞ்சம் பெரிதாக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"மொதல்ல ஒக்காருங்கம்மா" என்றார்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். முதுகும் விலாவும் இடுப்பும் போய்ப் பொருந்தின. எங்கும் இடிக்கவில்லை, எங்கும் தொளதொளக்கவில்லை. என் ஆயுசில் எந்த நாற்காலியும் என்னை இப்படி ஏற்றுக்கொண்டதில்லை. இவர் ஒரு விரல் லூசாக வைக்கச் சொன்னாரா என்று கேட்டேன்.

"ஒரு விரலா? நாலு விரல் சேத்துக்கோன்னாரும்மா. டெய்லருக்கும் எப்பவும் அப்படித்தான் சொல்லுவாராம்." அப்புறம்தான் அவருக்கு ஏதோ நினைவு வந்தது. தலையைச் சொறிந்துகொண்டார். "உங்களாண்ட சொல்ல வேணாம்னாரு. வாய் தவறி வந்துட்ச்சு."

அந்த சீட்டிலிருந்து எழுந்திருக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. உடம்பு மாட்டிக்கொண்டதால் இல்லை. ஒவ்வொரு தடவையும் நான் ஒரு விரல் என்று சொல்லியனுப்ப, சந்து திரும்பும் வரை அதை எடுத்துக்கொண்டு போய், அங்கே இரண்டு விரல், மூன்று விரல், நாலு விரல் என்று காலத்துக்கு ஏற்ப மாற்றிச் சொல்லியிருக்கிறார். வீட்டில் ஒரு வார்த்தை இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. நான் அவர் கண்ணெதிரே தங்கையிடம் பீற்றிக்கொண்டபோதெல்லாம் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். இவருக்கு ஒரு காரியம் உருப்படியாகச் செய்ய வராது என்று இதே இடத்தில் நின்றுதான் சொன்னேன். அந்த டெய்லருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதது எனக்கு ஒருத்திக்குத்தான்.

வீட்டுக்கு வந்து, நாலு விரல் என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் மஞ்சள் பையை எடுத்தேன். வாய் வரவில்லை. "ஒரு விரல் லூசா பிரிச்சு விடச் சொல்லுங்கோ" என்றேன். சரி என்றார். "அப்படியே அந்த சீட்டையும் மாட்டிண்டு வந்துடுங்கோ." அதற்கும் சரி என்றார். ஆனால் செருப்பைப் போடும்போது இடது வலது மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் காலை வாசலில் வண்டி நின்றது. இரண்டு சீட்டும் இருந்தன. மாடி வீட்டு மாமியும் இன்னும் சில பேரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். நான் ஒரு காலை உள்ளே வைத்து, கதவைப் பிடித்து, பாதியில் சிக்கி, கடைசியில் தொப்பென்று விழுந்து உட்கார்ந்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கிறதே, எப்படி என்று மாடி வீட்டு மாமி கேட்டாள். அவர் முறை. இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து நாலு பேரைச் சிரிக்க வைக்க அவருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

"அவளுக்கென்ன, இத்தனை வருஷமா அதே அளவுதானே. ஒரு விரல்தான் கூட" என்றார்.

என் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் பெல்ட்டைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். பிறகு அவருக்கு மட்டும் கேட்கும்படி, "நாலு விரல்" என்றேன்.

"என்ன சொன்னே? இன்ஜின் சத்தத்துல ஒண்ணும் காதுல விழலை" என்றார்.

வண்டியை அவர் இன்னும் ஸ்டார்ட் செய்திருக்கவில்லை.