பழைய பேட்டரியும் எங்கள் அண்ணியும்

எங்கள் அண்ணி நடந்து வந்து நான் பார்த்ததில்லை. ஓடித்தான் வருவார். ஒரு கையில் கைப்பை, இன்னொரு கையில் கால்குலேட்டர். பாதி வழியில் கழன்றுபோன செருப்பைத் திரும்பிப் போய் மாட்டிக்கொண்டு மறுபடி ஓடுவார். அவர் என் கணவரின் அக்கா, எனக்கு நாத்தனார். லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அதை மூடியதும் எங்கள் கடைத்தெருவிலேயே தையல் கடை, ஜெராக்ஸ் கடை, சைக்கிள் கடை என்று பிடித்து வரிக் கணக்குப் பார்த்துக் கொடுக்க ஆரம்பித்தார். கூட்டுத்தொகை இரண்டு பக்கமும் ஒத்துப்போய்விட்டால் தொடையில் ஓங்கி ஒரு தட்டு. அந்தச் சத்தம் கேட்டதும் டீக்கடைக்காரர் கேட்காமலே டீ அனுப்பிவிடுவார், கடை முதலாளி செலவில். தெருவில் அவருக்கு 'ஒத்துப்போச்சா அக்கா' என்றே பெயர்.

தெருவுக்கே கணக்குப் பார்க்கும் அந்த மனுஷியை என் வீட்டுக்காரர் மட்டும் தன் பேட்டரிக் கடைக்குள் விடவில்லை. "அவ வந்தா கடைக்கு நான் முதலாளியா, அவ முதலாளியா?" என்பார். ஆகவே விற்பனை வரிக் கணக்கை பில் மிஷின் விற்ற ஆள் போட்டார். வருமான வரிக் கணக்கை இன்னொருவர் போட்டார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. நன்றாக நடக்கும் குடும்பம் மாதிரிதான் இருந்தது, நோட்டீஸ் வரும்வரை.

விற்பனை வரிக்குக் காட்டிய மொத்த விற்பனை அதிகம், வருமான வரிக்குக் காட்டியது குறைவு, வித்தியாசத்துக்கு வெள்ளிக்கிழமை நேரில் வந்து காரணம் சொல்லுங்கள் என்றது நோட்டீஸ். சொல்லாவிட்டால் வித்தியாசம் முழுவதும் மறைத்த வருமானம், அதற்கு வரி, மேலே அபராதம். அந்தப் பணத்தைக் கட்டுவதென்றால் கடையைக் காலி செய்துதான் கட்ட வேண்டும்.

"அந்தக் காச எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"இருந்தா உங்கிட்ட குடுத்திருக்க மாட்டேனா?"

"மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு, அவரைக் கேட்காமலே அண்ணிக்குப் போன் போட்டேன்.

போனை நான் கீழே வைப்பதற்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. "நோட்டீசா? வித்தியாசமா? எங்க, எங்க?" கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு எரிச்சலாக வந்தது. நமக்கு உயிர் போகிறது, இவருக்குத் திருவிழா!

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். விட்டுப்போன பில் இருக்கிறதா, ஒரே பில் இரண்டு தடவை ஏறியிருக்கிறதா, வரியைச் சேர்த்தே விற்பனையாகக் காட்டிவிட்டார்களா என்று தலைகீழாக நின்று பார்த்தார். எதுவும் அகப்படவில்லை. என் வீட்டுக்காரர் பேயறைந்த மாதிரி கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

அப்போது ஒரு வேன் டிரைவர் செத்துப்போன பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பழசுக்கு இன்னும் கொஞ்சம் போட்டுக் கொடுங்கள் என்று ஒரு பாடு பேரம் நடந்தது. என் வீட்டுக்காரர் புதுசுக்கு பில் அடித்தார், பழசின் மதிப்பைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை வாங்கிக் கல்லாவில் போட்டார், பழசைக் காலால் மூலைக்குத் தள்ளினார். மூலையில் ஏற்கெனவே இடுப்பளவு குவியல்.

அண்ணி எழுந்து நின்றார். "டேய், அந்த மூலையில என்ன?"

"பழைய பேட்டரி."

"எனக்குக் கண்ணு தெரியுது. பில்லுல என்ன அடிச்ச?"

"முழு விலை."

"கல்லாவுல என்ன போட்ட?"

"கழிச்சது போக மிச்சம்."

"வருமான வரிக்காரருக்கு எதைச் சொன்ன?"

"கல்லாவுல வந்ததைத்தான். வராத காச எப்படிக்கா சொல்லுவேன்?"

தொடையில் விழுந்த அடியில் வேன் டிரைவர் பயந்தே போனார்! "மடையா! இந்தக் குவியல்தாண்டா வித்தியாசம்!" என்று கத்தினார் அண்ணி. தையல்காரர் யாரிடமும் பழைய சட்டையை வாங்கிக்கொண்டு புதுசு தைத்துத் தருவதில்லை. அதனால் இந்தத் தெருவில் இத்தனை வருஷம் கணக்குப் பார்த்தும் அண்ணியின் கண்ணில் இது படவே இல்லை. பில் மிஷின் முழு விலையைச் சொல்லியிருக்கிறது, கல்லா மிச்சத்தைச் சொல்லியிருக்கிறது. பழசையெல்லாம் மொத்த வியாபாரி எடுத்துக்கொண்டு தன் பில்லில் அதே மதிப்பைக் கழித்துவிடுகிறார். அதனால் வாங்கியதும் குறைவாகவே எழுதியிருக்கிறது. லாபத்தில் ஒரு துளி மாற்றமில்லை!

டீ வந்தது. வேன் டிரைவருக்கும் சேர்த்து வந்தது. கம்பியில் குத்தி வைத்திருந்த மொத்த வியாபாரியின் சீட்டுகளை நான் ஒவ்வொன்றாக வாசிக்க, அண்ணி தட்டிக் கூட்டினார். வித்தியாசம் சரசரவென்று கரைந்தது. கடைசியில் ஒரு தொகை மட்டும் கரையாமல் நின்றது.

"இது போகட்டும்க்கா. இவ்வளவுதானே? அவங்களே விட்டுருவாங்க." இவர் அவசரமாகச் சீட்டுகளை அள்ளினார்.

"கைய எடு. இது ஒரு பெரிய இன்வெர்ட்டர் பேட்டரி விலை. பில் இருக்கு, காசு வரல. யாருக்குக் குடுத்த?"

இவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எனக்கும் தெரியாது.

"யாருக்குடா?"

"உனக்குத்தான்" என்றார் இவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "மாமா போன வருஷம் தவறினதுக்கப்புறம்... வீட்டுல கரண்ட் போனா நீ இருட்டுல தனியா உக்காந்திருந்தேல்ல. கம்பெனி இலவசமா குடுத்ததுன்னு சொன்னாத்தான் நீ வாங்குவ."

அண்ணி முந்தானையால் கால்குலேட்டரைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். இந்த மனுஷனையா காசை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்!

"இலவசமா குடுத்தாலும் கணக்குல காட்டணும்டா, கழுத" என்றார் கடைசியில். "இதுக்கு உண்டான வரியக் கட்டிரு."

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் போனோம். வரி ஆபீசில் அதிகாரி அம்மா அண்ணி எழுதிய விளக்கத்தை விரல் வைத்து வாசித்தார். சீட்டுகளைப் புரட்டினார், கூட்டுத்தொகையைத் தானே ஒருமுறை தட்டிப் பார்த்தார், தலையாட்டினார். எனக்குப் பாதி உயிர் வந்தது. கடைசி வரியில் அவர் விரல் நின்றது.

"'ஒரு பேட்டரி, அக்காவுக்குக் கொடுத்தது, விலை வாங்கவில்லை, இப்போது கணக்கில் சேர்க்கப்படுகிறது.' இத யாரும் கேட்டிருக்கவே மாட்டாங்களே. யாருங்க இந்த அக்கா?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் அண்ணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்ட பிள்ளை மாதிரி கையைக்கூடத் தூக்கிவிட்டார்.

"நான்தாங்க மேடம்!"