ஒன்றிலிருந்து அளந்தவள்

துணிக் கம்பெனியில் எல்லோருக்கும் அவள் கத்திரி அக்கா. பத்தொன்பது வருடமாக வெட்டு மேஜையில் நிற்பவள். ஆளைப் பார்த்தே இடுப்பளவு சொல்லிவிடுவாள். சூப்பர்வைசரின் தொப்பை அளவை அவர் காதுபடச் சொல்லி, ஒரு வாரம் முறைப்பு வாங்கியவள். அப்பேர்ப்பட்டவளையும் அசைத்துவிட்டது ஒரு நோட்டீஸ். கம்ப்யூட்டரில் வெட்டும் மிஷின் வருகிறதாம். பத்தாவது பாஸானவர்களுக்குத்தான் அதில் வேலை, மற்றவர்கள் வருடக் கடைசியில் கிளம்ப வேண்டியதுதான்.

மற்ற பாடமெல்லாம் அவள் என்றோ பாஸ். கணக்கு மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டிருந்தது. இந்தத் தடவையும் போனால் வேலை போகும். வேலை போனால் தங்கையின் நர்சிங் படிப்பு கடைசி வருடத்தில் நின்றுவிடும். வீட்டில் சம்பாதிக்கிற கை ஒன்றுதான்.

தங்கைதான் சொல்லிக்கொடுத்தாள், ஆஸ்பத்திரிப் பயிற்சி முடித்து வந்து, சொருகுகிற கண்களோடு. நேர்க்கோட்டின் சமன்பாடு என்றதும் அக்காவின் முகம் செத்துப்போகும்.

"ரெண்டு புள்ளி குடுப்பாங்க. மொதல்ல சாய்வு கண்டுபிடி. அப்புறம் வெட்டுத்துண்டு."

"என்ன துண்டு?"

"வெட்டுத்துண்டுக்கா. கோடு ஆரம்பத்துல எவ்வளவு உயரத்துல இருக்குன்னு."

அக்கா சிரித்துவிட்டாள். வெட்டுத்துண்டோடு குடித்தனம் நடத்துகிறவளிடம் இதைப் போய் இவ்வளவு நாள் யாரும் சொல்லவில்லையே. அன்றே பிடித்துக்கொண்டாள். கவுனில் கீழே போகப்போக இஞ்சுக்கு எவ்வளவு அகலம் கூடுகிறதோ அது சாய்வு. ஆரம்பத்தில் இடுப்பில் இருக்கிற அகலம் வெட்டுத்துண்டு. பத்துக் கணக்கு போட்டாள், பத்தும் சரி. அக்கா பயப்படக்கூடாதென்று தங்கை கொடுத்த பத்திலும் முதல் புள்ளி பூஜ்யத்தில்தான் இருந்தது.

பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு அதே கேள்வி வந்தது. (1, 5), (3, 11) என்று இரண்டு புள்ளிகள். இரண்டு இஞ்ச் இறங்கினால் ஆறு கூடுகிறது, ஆக சாய்வு 3. ஆரம்பத்தில் 5. y = 3x + 5 என்று எழுதி அடிக்கோடு போட்டாள். கூட்டிப் பார்த்ததில் முப்பத்தேழு நிச்சயம். பாஸுக்கு முப்பத்தைந்து போதும்.

வாசலில் காத்திருந்த தங்கை கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தாள்.

"இந்த நேர்க்கோட்டுக்கு என்ன எழுதுன?"

"மூணு எக்ஸ் ப்ளஸ் அஞ்சு."

தங்கை அந்தக் கேள்வியின் மேல் விரலை வைத்தாள். "அஞ்சு எங்கேர்ந்துக்கா வந்துச்சு?"

"அதான் போட்டிருக்கே, ஒண்ணுல அஞ்சுன்னு."

"ஒண்ணு ஆரம்பம் இல்லக்கா. பூஜ்யம்தான் ஆரம்பம். அங்க ரெண்டுதான் வரும்."

பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்து மறுபடி கூட்டினார்கள். சாய்வுக்கு இரண்டு மார்க் போடுவார்கள். அப்படியும் முப்பத்துநாலு. எங்காவது ஒரே ஒரு மார்க் ஒளிந்திருக்காதா என்று கேள்வித்தாளை மூன்று தடவை புரட்டினார்கள். ஒன்றும் தேறவில்லை. மூன்று பஸ் வந்து போயின.

"நான்தான் லேசான கணக்கா குடுத்தேன்," என்றாள் தங்கை. "நான் படிப்ப நிறுத்திட்டு ஏதாவது வேலைக்குப் போறேன்க்கா."

"வாய மூடு," என்றாள் அக்கா. ஊரே பார்க்க அழுதாள்.

மறுநாள் காலை வழக்கம்போலத் துணியை விரித்து, மேலே இஞ்ச் டேப்பை வைத்தாள். கட்டைவிரல் தானாகப் போய் ஒன்றில் உட்கார்ந்தது. வேலைக்குச் சேர்ந்த வருடமே அந்த டேப்பின் நுனியில் முதல் இஞ்ச் மிஷினில் மாட்டிப் பிய்ந்துவிட்டது. இது போதாதா என்று ஒன்றிலிருந்தே அளந்து, கடைசியில் ஒன்றைக் கழித்து வெட்டப் பழகியிருந்தாள். ஒரு துண்டுகூடத் தவறியதில்லை.

விரலை மெல்ல இடப்பக்கம் நகர்த்திப் பார்த்தாள். டேப் இல்லை. துணிதான் தட்டுப்பட்டது.